ஃப்ளாஸ்க்கில் யூஆர்எல்_ஃபார் எதற்கு? ரூட்டுக்குப் பெயர் வைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: "ஒரு கடைக்கு பில் போடும் சின்ன ஆப் ஒன்றை ஃப்ளாஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கிறேன். டெம்ப்ளேட்டில் '/பில்/42' என்று நேரடியாக எழுதினாலே லிங்க் வேலை செய்கிறது. எல்லாரும் யூஆர்எல்_ஃபார் போடு என்கிறார்கள். போட்டால் பில்ட்எரர் வருகிறது. ஓடுவதை விட்டுவிட்டு உதைப்பதை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? பெயர் வைக்க ஏதாவது முறை இருக்கிறதா?"

நியாயமான கேள்விதான். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: ஃப்ளாஸ்க் என்பது பைதானில் வெப் ஆப் எழுதும் கருவி; எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் என்று சொல்லும் வரி ரூட்; பக்கத்தின் வார்ப்பு டெம்ப்ளேட்; ரூட்டின் பெயரைக் கொடுத்தால் முகவரியைக் கட்டித் தருவது யூஆர்எல்_ஃபார், கட்ட முடியாவிட்டால் அது எழுப்பும் பிழை பில்ட்எரர். நானும் முகவரியை நேரடியாக எழுதிக்கொண்டிருந்தவன்தான், ஒரு சாய்கோடு வந்து கெடுக்கும்வரை.

நான் எழுதிக் கொடுத்த பில் ஆப் ஒரு மொத்த வியாபாரக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. பில் எண் 1, 2, 3 என்று போய்க்கொண்டிருந்தது. புது நிதியாண்டு பிறந்ததும் கணக்குப் பார்ப்பவர், "இனிமேல் நம்பர் 24-25/0001 என்று வரட்டும்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்; எழுத்தும் எண்ணும் வரலாம், இடைக்கோடும் சாய்கோடும் வரலாம். டேட்டாபேஸில் பில் எண் இருக்கும் நெடுவரிசையை எண்ணிலிருந்து எழுத்தாக மாற்றினேன், ரூட்டில் 'இன்ட்' (முழு எண் மட்டும்) என்றிருந்ததை எடுத்தேன், வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன். மறுநாள் காலை போன்: "தம்பி, புது பில் எதைத் தொட்டாலும் 404 என்கிறது."

காரணம் எளிது. '/பில்/24-25/0001' என்ற முகவரியில் கடைசி சாய்கோடும் பாதையின் ஒரு படியாகத் தெரிகிறது. அப்படியொரு ரூட் என்னிடம் இல்லை, அதனால்தான் 'பக்கம் இல்லை' என்னும் 404. சரி, முகவரியில் பில் எண்ணுக்குப் பதிலாக டேட்டாபேஸ் தரும் உள் எண்ணைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்ய இரண்டு நிமிடம் ஆனது. அதைச் செய்து முடிக்க அரைநாள் ஆனது. பட்டியல் பக்கம், வாடிக்கையாளர் பக்கம், அச்சு பொத்தான், சேமித்த பிறகு வரும் ரீடைரக்ட், ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி என்று முகவரியைப் பதினேழு இடத்தில் கையால் ஒட்டி வைத்திருந்தேன். பதினாறைத்தான் கண்டுபிடித்தேன். பதினேழாவதைக் கடைக்காரர் கண்டுபிடித்தார்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யூஆர்எல்_ஃபார் போட்டிருந்தாலும் அந்த 404 வந்தே இருக்கும். சாதாரண மாறிக்குள் வரும் சாய்கோட்டைச் சதவீதக் குறியோடு மறைத்து எழுதினாலும் பயனில்லை. சர்வர் அந்த மறைப்பைப் பிரித்த பிறகுதான் பாதையை ஃப்ளாஸ்க்கிடம் கொடுக்கிறது. அங்கே மறுபடியும் வெறும் சாய்கோடு, மறுபடியும் 404. கூடவே சாய்கோட்டையும் ஏற்கும் 'பாத்' என்ற மாற்றி இருக்கிறது, அதைப் போட்டால் ஓடும். யூஆர்எல்_ஃபார் பிழையைத் தடுத்திருக்காது, திருத்தத்தை எளிதாக்கியிருக்கும். 'பாத்' போடுவதென்றால் ரூட் இருக்கும் ஒரே வரியோடு முடிந்திருக்கும். உள் எண்ணுக்கு மாறுவதென்றால்கூட, ரூட்டில் மாறியின் பெயரையும் மாற்றியிருந்தால், அனுப்பும் மதிப்பை மாற்றாத ஒவ்வொரு இடமும், அந்தப் பக்கத்தைத் திறந்த உடனே கத்தியிருக்கும்.

அந்தக் கத்தலைத்தான் நீங்கள் பில்ட்எரர் என்கிறீர்கள்.

ஃப்ளாஸ்க் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும். ஆர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் 1 அன்று முட்டாள்கள் தின வேடிக்கையாக விட்ட ஒற்றைக் கோப்பு ஃப்ரேம்வொர்க்கிலிருந்து பிறந்ததுதான் ஃப்ளாஸ்க். ஆனால் ரூட் வேலையை அது தானாகச் செய்வதில்லை. வெர்க்ஸாய்க் என்ற நூலகத்திடம் விட்டுவிடுகிறது. அதனிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் முகவரியின் வடிவம் ஒரு பக்கம், ஒரு பெயர் மறுபக்கம். பிரவுசரிலிருந்து முகவரி வந்தால் இடமிருந்து வலம் படித்துப் பெயரைக் கண்டுபிடிக்கும். அந்தப் பெயருக்கு எந்த ஃபங்ஷன் என்பதை ஃப்ளாஸ்க் தனி அகராதியில் வைத்திருக்கிறது. யூஆர்எல்_ஃபார் அதே வரைபடத்தை வலமிருந்து இடம் படிக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு எண்ட்பாயிண்ட் என்று பெயர்.

நிரல் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கீவேர்டுகளை நீங்கள் வழக்கம்போல் அடித்துக்கொள்ளுங்கள்.

@ஆப்.ரூட்("/பில்/<இன்ட்:ஐடி>")
டெஃப் பில்_காட்டு(ஐடி): ...

யூஆர்எல்_ஃபார்("பில்_காட்டு", ஐடி=42)

கடைசி வரி '/பில்/42' என்ற சரத்தைத் தரும். நீங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை என்றால் ஃபங்ஷனின் பெயரையே எண்ட்பாயிண்ட்டாக எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் இந்த வசதியிலிருந்துதான் பாதித் தலைவலி தொடங்குகிறது. ஃபங்ஷன் பெயர் என்பது நிரல் எழுதுபவர் தன் சௌகரியத்துக்கு மாற்றிக்கொள்ளும் சங்கதி. எண்ட்பாயிண்ட் பெயரோ பத்து டெம்ப்ளேட்டில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு மாலையில் 'பில்_காட்டு' என்பதை 'காட்டு_பில்' என்று அழகுபடுத்தினால் பத்துப் பக்கமும் விழும். ஃபங்ஷன் பெயரை மாற்றியே ஆக வேண்டுமென்றால் ரூட் வரியில் எண்ட்பாயிண்ட்="பில்_காட்டு" என்று பழைய பெயரைத் தனியாக எழுதிவிடுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது.

டெக்கரேட்டர் (ஒரு ஃபங்ஷனைச் சுற்றிப் போர்த்தும் இன்னொரு ஃபங்ஷன்) எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் குழி ஒன்றும் இதே இடத்தில்தான் இருக்கிறது. லாகின் சோதனைக்கு நீங்களே ஒரு டெக்கரேட்டர் எழுதுகிறீர்கள். உள்ளே 'ராப்பர்' என்று ஒரு ஃபங்ஷன். முதல் ரூட்டுக்குப் போட்டால் ஓடும். இரண்டாவது ரூட்டுக்குப் போட்டதும், ஏற்கெனவே இருக்கும் எண்ட்பாயிண்ட்டின் மேல் எழுதுகிறாய் என்று ஆப் கிளம்பவே மறுக்கும். இரண்டு ஃபங்ஷனுக்கும் இப்போது பெயர் 'ராப்பர்'தானே! பைதானின் ஃபங்க்டூல்ஸ் தொகுப்பிலுள்ள 'ராப்ஸ்' போட்டால் அசல் பெயர் திரும்பி வந்துவிடும். முதல் தடவை இதைப் பார்த்தபோது ரூட்டில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு மணி நேரம் தேடினேன்.

இனி பெயர் வைக்கும் முறை. எனக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன், விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரில் பொருளும் செயலும் இருக்கட்டும்: பில்_பட்டியல், பில்_காட்டு, பில்_திருத்து, பில்_அச்சு. முகவரியின் சாயல் பெயரில் வேண்டாம். 'பில்_ஐடி_பக்கம்' என்று வைத்துவிட்டு நாளைக்கு முகவரியிலிருந்து ஐடியை எடுத்துவிட்டால், பெயர் பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தின் தோற்றமும் வேண்டாம். 'இடது_மெனு_பக்கம்' என்று ஒரு பெயரை ஒரு பழைய ஆப்பில் பார்த்தேன், அந்த மெனு போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஆப் வளர்ந்து பில், சரக்கு, வாடிக்கையாளர் என்று பிரிந்தால் ப்ளூபிரிண்ட் (ரூட்களைத் தனித்தனித் தொகுதியாகப் பிரிக்கும் வசதி) போடுவீர்கள். அப்போது ப்ளூபிரிண்ட்டின் பெயர் முன்னால் வந்து புள்ளியோடு சேரும்: 'பில்.பட்டியல்', 'சரக்கு.பட்டியல்'. இரண்டிலும் 'பட்டியல்' என்று ஃபங்ஷன் இருக்கலாம், மோதாது. ஒரே கோப்பாக இருந்த ஆப்பை ப்ளூபிரிண்ட்டுக்கு மாற்றும் அன்றுதான் பெரும்பாலானவர்களுக்கு பில்ட்எரர் மழையாகக் கொட்டும், ஏனென்றால் எல்லாப் பெயருக்கும் முன்னால் இப்போது ஒன்று கூடியிருக்கிறது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ப்ளூபிரிண்ட்டுக்குள் இருந்துகொண்டு '.பட்டியல்' என்று வெறும் புள்ளியோடு தொடங்கினால், 'இதே ப்ளூபிரிண்ட்டின் பட்டியல்' என்று பொருள். சுருக்கமாக இருக்கிறதே என்று இதை எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான அடிப்படை டெம்ப்ளேட்டில் எழுதிவிடாதீர்கள். 'இதே' என்பது அந்த டெம்ப்ளேட் எங்கே இருக்கிறது என்பதை வைத்து முடிவாவதில்லை, இப்போது வந்திருக்கும் ரிக்வெஸ்ட் எந்த ப்ளூபிரிண்ட்டுக்குப் போனது என்பதை வைத்து முடிவாகிறது. பில் பக்கத்தில் நின்றால் மெனு சரியாக இருக்கும். சரக்குப் பக்கத்துக்குப் போனால் அதே மெனு சரக்குப் பட்டியலைக் காட்டும். பட்டியல் இல்லாத மூன்றாவது ப்ளூபிரிண்ட்டில் நின்றால் பக்கமே விழும். பொது டெம்ப்ளேட்டில் எப்போதும் முழுப் பெயர்.

பில்ட்எரருக்கு வருவோம். அதன் செய்தியை முழுக்கப் படியுங்கள். பெயர் தப்பென்றால் கிட்டத்தட்ட ஒத்த பெயர் ஒன்றைச் சொல்லி இதுவா என்று கேட்கும். பெயர் சரி, மதிப்புதான் குறைகிறது என்றால் எந்த மதிப்பு என்று சொல்லும். இந்த இரண்டாவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் ஐடி=பில்.ஐடி என்று ஒழுங்காகத்தான் எழுதியிருப்பீர்கள். அது ஐடியைக் கொடுக்க மறந்தாயா என்று கேட்கும். கொடுத்தேனே என்று எரிச்சல் வரும். பில்.ஐடியின் மதிப்பு 'நன்' ஆக, அதாவது எதுவுமே இல்லாததாக, இருந்திருக்கும்; அப்படி வருவதை வெர்க்ஸாய்க் கொடுக்காததாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. புது பில்லை டேட்டாபேஸில் எழுதுவதற்கு முன்பே ரீடைரக்ட் முகவரியைக் கட்டினால் இதுதான் நடக்கும். கமிட் செய்துவிட்டு முகவரியைக் கட்டுங்கள். நேரடியாக ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? '/பில்/நன்' என்ற முகவரிக்கு வாடிக்கையாளரை அனுப்பியிருப்பீர்கள், எரர் உங்கள் லாகில் கூட வந்திருக்காது.

யூஆர்எல்_ஃபார் கத்தாமல் ஏமாற்றும் இடமும் ஒன்று உண்டு. முகவரியில் இடமில்லாத மதிப்பு எதைக் கொடுத்தாலும் அதைக் கேள்விக்குறிக்குப் பின்னால் சேர்த்துவிடும். தேடல் சொல், வடிகட்டி போன்றவற்றுக்கு இது அருமையான வசதி. ஆனால் ஒரே பெயருக்கு இரண்டு முகவரி வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள்: '/பில்/' ஒன்று, '/பில்/பக்கம்/<இன்ட்:பேஜ்>' இன்னொன்று. பேஜ் கொடுத்தால் இரண்டாவதை எடுக்கும், கொடுக்காவிட்டால் முதலாவதை. இப்போது பேஜ்=3 என்பதற்குப் பதில் அவசரத்தில் பேஜஸ்=3 என்று அடித்துவிட்டால் எரர் வராது. '/பில்/?பேஜஸ்=3' என்று வரும். வாடிக்கையாளர் 'அடுத்து' பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் முதல் பக்கமே வரும்.

அந்த '/பில்/' முகவரியின் கடைசிச் சாய்கோட்டைக் கவனித்தீர்களா? ரூட்டில் சாய்கோடு இருந்து, பயனர் அதை விட்டுவிட்டு அடித்தால் ஃப்ளாஸ்க்கே திருப்பி அனுப்பிவிடும். ரூட்டில் இல்லாமல் பயனர் கூடுதலாக அடித்தால் 404. கையால் ஒட்டும்போது இந்த ஒரு எழுத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும், யூஆர்எல்_ஃபார் அந்தச் சுமையை எடுத்துக்கொள்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும்வரை இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. சர்வரில் ஏற்றும்போதுதான் தெரியும். கடைக்காரரிடம் ஏற்கெனவே ஒரு வெப்சைட் இருக்கிறது. உங்கள் ஆப்பை அதன் கீழே '/கணக்கு' என்ற இடத்தில் மாட்டுகிறார்கள். கையால் எழுதிய '/பில்/42' இப்போது அந்தப் பழைய வெப்சைட்டில் போய் முட்டும். முன்னொட்டு என்னவென்று சர்வர் சரியாகச் சொல்லிக்கொடுத்தால், யூஆர்எல்_ஃபார் தானாக '/கணக்கு/பில்/42' என்று கட்டும். முன்னால் என்ஜின்எக்ஸ் மாதிரி ஒரு ப்ராக்ஸி (ரிக்வெஸ்ட்டை வாங்கி ஆப்புக்குக் கடத்தும் சர்வர்) நின்றால் வெர்க்ஸாய்க்கின் ப்ராக்ஸிஃபிக்ஸை மாட்டுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில் இருக்க, நீங்கள் கட்டும் முழு முகவரி எச்டிடிபி என்று தொடங்கும். எத்தனை ப்ராக்ஸி இருக்கிறதோ அத்தனை என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். கூடக் கொடுத்தால் எவர் வேண்டுமானாலும் ரிக்வெஸ்ட்டோடு வரும் தலைப்பை (ஹெடர்) பொய்யாக அனுப்பி ஏமாற்றலாம்.

ஏமாற்றுவது பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், பல பயிற்சிப் பாடங்களில் இது விடுபட்டிருக்கும். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்ப முழு முகவரி வேண்டும். அதற்கு _எக்ஸ்டர்னல்=ட்ரூ என்று கொடுக்கிறோம். டொமைன் பெயரை ஃப்ளாஸ்க் எங்கிருந்து எடுக்கிறது? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், வந்த ரிக்வெஸ்ட்டின் ஹோஸ்ட் தலைப்பிலிருந்து. அந்தத் தலைப்பை அனுப்புவது பயனர். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' பக்கத்தில் ஒருவன் இன்னொருவரின் மெயில் ஐடியைக் கொடுத்து, ஹோஸ்ட் தலைப்பில் தன் டொமைனைப் போட்டு அனுப்பினால், உங்கள் ஆப்பே அந்தத் திருட்டு டொமைனுக்கு ரகசிய டோக்கனோடு லிங்க் கட்டி, உரியவருக்கு மெயில் அனுப்பும். அவர் தொட்டால் டோக்கன் திருடன் கையில். எந்த ஹோஸ்ட்டை ஏற்கலாம் என்பதை ப்ராக்ஸியிலேயே கட்டுப்படுத்துங்கள், ஃப்ளாஸ்க் 3.1 பதிப்பிலிருந்து டிரஸ்டட்_ஹோஸ்ட்ஸ் என்ற அமைப்பும் இருக்கிறது. இரவில் தானாக ஓடி நிலுவை நினைவூட்டல் அனுப்பும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தால், அங்கே ரிக்வெஸ்ட்டே கிடையாது. டொமைன் பெயரைச் சொல்லும் சர்வர்_நேம் அமைக்காவிட்டால் யூஆர்எல்_ஃபார் மறுத்துவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் யூஆர்எல்_ஃபார் எட்டாது, ஏனென்றால் அது டெம்ப்ளேட் வழியாகப் போவதில்லை. டெம்ப்ளேட்டில் பொத்தானுக்கு ஒரு டேட்டா பண்பு வைத்து அதில் யூஆர்எல்_ஃபார் தரும் முகவரியை எழுதுங்கள், ஸ்கிரிப்ட் அதைப் படித்துக்கொள்ளட்டும். என் பதினேழாவது இடம் ஜாவாஸ்கிரிப்டில்தான் ஒளிந்திருந்தது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். ஃபங்ஷன் பெயர் தமிழில் இருந்தால் பைதான் 3 மறுக்காது, எண்ட்பாயிண்ட்டும் தமிழிலேயே அமையும். கோண அடைப்புக்குள் வரும் மாறியை மட்டும் வெர்க்ஸாய்க் ஆங்கில எழுத்தில்தான் எதிர்பார்க்கிறது. ஆனால் 'பொருள்' என்ற பெயரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'ொ' என்பதை ஒரே குறியாகவும் அடிக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டு துண்டாகவும் அடிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பைதான் ஃபங்ஷன் பெயரை ஒற்றைக் குறியாக இணைத்து வைத்துக்கொள்கிறது. மேற்கோளுக்குள் நீங்கள் அடித்த சரத்தைத் தொடுவதில்லை. கீபோர்டு இரண்டு துண்டாக அடித்திருந்தால், 'பொருள்' என்று ஒன்று இல்லை என்று பில்ட்எரர் வரும், கண்ணுக்கு எதிரே 'பொருள்' என்ற ஃபங்ஷன் இருக்கும்போதே. முகவரியைத் தமிழில் வைத்தாலும் ஓடும், பிரவுசரும் தமிழாகவே காட்டும். ஆனால் யூஆர்எல்_ஃபார் தருவது சதவீதக் குறிகள் நிறைந்த சரம். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், பைட் ஒன்றுக்கு 3 எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் 5 குறிகள், ஆக 45 எழுத்து. வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால் வாடிக்கையாளர் அதைப் பார்த்து வைரஸ் என்று நினைப்பார். நான் முகவரியை ஆங்கில எழுத்திலேயே சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். இந்தப் பதிலில் தமிழில் எழுதியிருப்பது படிக்க வசதியாக.

பெயர் உங்கள் நிரலுக்குள் மட்டும் நிலைத்தால் போதும். வெளியே போய்விட்ட முகவரியை எந்தப் பெயரும் காப்பாற்றாது. அச்சடித்த பில்லில் க்யூஆர் குறியாக ஒரு முகவரி போய்விட்டதென்றால், அது இன்னும் பல வருடம் யாருடைய கல்லாப்பெட்டியிலாவது கிடக்கும். அதனால் முகவரியை மாற்றும்போது பழைய ரூட்டை அழிக்காதீர்கள். பழைய முகவரிக்குத் தனியாக 'பில்_பழைய' என்று ஒரு குட்டி ஃபங்ஷன் வைத்து, அதிலிருந்து யூஆர்எல்_ஃபார்("பில்_காட்டு", ஐடி=...) வழியாக 301 (நிரந்தரமாக இடம் மாறியது என்னும்) ரீடைரக்ட் கொடுங்கள். மூன்றே வரி.

வேறு ஃப்ரேம்வொர்க்குக்குப் போனாலும் இதே யோசனை வேறு பெயரில் இருக்கும். ஜாங்கோவில் ரிவர்ஸ், பாட்டிலில் கெட்_யூஆர்எல். அவை ரூட்டுக்குத் தனியாகப் பெயர் கேட்கும், ஃபங்ஷன் பெயரை எடுத்துக்கொள்ளாது. அந்த ஒரு விஷயத்தில் அவைதான் சரி என்று எனக்குத் தோன்றும். எக்ஸ்பிரஸில் ரூட்டுக்குப் பெயர் வைக்கும் வசதி உள்ளேயே வருவதில்லை, நீங்களாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் ஆப் இன்னும் சின்னதாக இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். டெர்மினலில் 'ஃப்ளாஸ்க் ரூட்ஸ்' என்று ஓட்டினால் பெயர், மெத்தட், முகவரி மூன்றும் வரிசையாக வரும். பக்கத்திலேயே டெம்ப்ளேட் ஃபோல்டரில் மேற்கோள் குறிக்குப் பின் சாய்கோடு வரும் இடங்களை எல்லாம் தேடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பட்டியலில் பெயர் பார்த்து மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முறை திறந்து பார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள லிங்க் பெயரில் பிழை இருந்தால் திறக்கும்போதே டெஸ்ட் விழும். 404 தரும் லிங்க்கை அந்த டெஸ்ட் பிடிக்காது, அதற்கு லிங்க்கையும் தொட்டுப் பார்க்க வேண்டும். தேடும்போது ஜாவாஸ்கிரிப்ட் ஃபோல்டரையும் சேர்த்துத் தேடுங்கள்.